1966 ஜார்ஜியா ஆளுநர் தேர்தல்: முன்னிலை பெற்றவர் ஏன் பதவியேற்கவில்லை?

கேள்வி:
அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1966 நவம்பரில் நடந்த ஆளுநர் தேர்தலில், குடியரசுக் கட்சியின் போ காலவே சுமார் 3,000 வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஆனால் ஆளுநரானவர் ஜனநாயகக் கட்சியின் லெஸ்டர் மேடக்ஸ். பிளவுபட்டுக் கிடந்த கட்சி எப்படித் தப்பியது?

மறுமொழி 1:
அன்றைய மாநில அரசியலமைப்பின்படி, பாதிக்கு மேல் வாக்கு பெற்றால்தான் வெற்றி. யாருக்கும் அது கிடைக்காவிட்டால், முதல் இருவரில் ஒருவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும். காலவேக்குக் கிடைத்தது 46.5 விழுக்காடு, மேடக்ஸுக்கு 46.2. மீதி வாக்குகளில்தான் கட்சிப் பிளவின் கதை இருக்கிறது. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில், முதல் சுற்றில் முன்னாள் ஆளுநர் எல்லிஸ் ஆர்னல் முந்தினார். ஜிம்மி கார்ட்டர் மூன்றாமிடத்தோடு வெளியேறினார். இரண்டாம் சுற்றில் ஆர்னலை மேடக்ஸ் வீழ்த்தினார். அட்லாண்டாவில் தாம் நடத்திய உணவகத்துக்கு 1964-இல் சாப்பிட வந்த கறுப்பினத்தவரை, துப்பாக்கியும் கோடரிக் காம்புமாக விரட்டியதால் பெயர் பெற்றவர் மேடக்ஸ். அவருக்கு வாக்களிக்க மனம் ஒப்பாத 50,000-க்கும் மேற்பட்டோர், சீட்டில் இல்லாத ஆர்னலின் பெயரைத் தாங்களே எழுதி வாக்களித்தனர்.

மறுமொழி 2:
அப்படியானால் மேடக்ஸை ஆளுநராக்கியது அவரை வெறுத்தவர்களேதான். அவர்களில் ஒரு பகுதியினர் காலவேயை ஆதரித்திருந்தால் விஷயம் சட்டமன்றத்துக்கே போயிருக்காது. கட்சிக்குக் கோடரிக்காம்பானவர்கள் என்று அவர்களைச் சொல்லலாமென்றால், இந்தத் தேர்தலில் அந்த உவமையைக் கையாளவே கூச்சமாக இருக்கிறது.

மறுமொழி 3:
அவர்கள்மீது முழுப் பழியையும் போடுவது சரியன்று. இனப்பிரிப்பை ஆதரித்த ஜனநாயகக் கட்சியினராக இருந்து, பின்னர் கட்சி மாறியவர்தான் காலவே. ஆர்னல் ஆதரவாளர்களுக்கு அவரும் உவப்பானவர் அல்லர். என் பார்வையில் கோளாறு விதியில்தான் இருந்தது. சட்டமன்றம் தேர்ந்தெடுப்பது செல்லாது என்று கீழ் நீதிமன்றம் கூறியதை, 1966 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் மாற்றியது. கட்சி வேட்பாளரை ஆதரிப்போம் என்று சட்டமன்றத்தின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் எடுத்திருந்த உறுதிமொழி குறித்து வாதம் எழுந்தபோது, அது பொதுத்தேர்தலோடு முடிந்துவிட்டது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறிவிட்டது. உறுதிமொழி முடிந்திருக்கலாம், கட்சிப் பற்று முடியவில்லை. அடுத்த மாதம் கூடிய, ஜனநாயகக் கட்சியினரே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம் 182-க்கு 66 என்ற கணக்கில் மேடக்ஸையே தேர்ந்தெடுத்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அந்த விதி பிறகும் நீடித்ததா?

மறுமொழி 3:
இல்லை. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் மக்களே இரண்டாம் சுற்றில் வாக்களிக்கும்படி, 1968-இல் அரசியலமைப்பைத் திருத்திவிட்டார்கள்.