"ஏரித் தண்ணியில கிருமி 30 நாள்": இதை எழுதின புண்ணியவான் யாரு?

ஊசிவால்:
வாட்ஸப்ல சுத்துது: "வலசை வாத்து இறங்கின ஏரியில பறவைக் காய்ச்சல் கிருமி 30 நாள் உயிரோட இருக்கும். கூந்தன்குளத்துல வெடி போட்டுப் பட்டைத்தலை வாத்தை விரட்டணும்." அந்த 30 நாள் எந்த வெப்பநிலைக்குன்னு ஒரு வரி இல்ல. 1978-ல வெப்ஸ்டர்ங்கிற கிருமி ஆய்வாளரோட குழு பார்த்த கணக்கு அது: தண்ணியில 0 டிகிரின்னா 30 நாளுக்கு மேல, 22 டிகிரின்னா 4 நாள். திருநெல்வேலிக் குளம் என்னைக்கு 0 டிகிரிக்குப் போச்சு? விரட்டினா பறவை அடுத்த குளத்துல இறங்கும், கிருமி இருந்தா அதுவும் கூடவே போகும். அவ்வளவுதான் லாபம்.

கோழிக்கூண்டு:
வந்துட்டாருய்யா பறவைப் பாசக்காரர். நோய் உறுதியானா 1 கி.மீ. சுத்துல உள்ள கோழி, வாத்து அத்தனையும் அழிப்பு, 10 கி.மீ. வரைக்கும் கண்காணிப்பு. பைனாகுலர் வச்சிருக்கிறவருக்கு இதுல என்ன நஷ்டம்? 30 நாள்னு எழுதினவன் தப்பா எழுதல. அதே ஆய்வுல வாத்து எச்சத்துக்கும் 4 டிகிரியில 30 நாள்னுதான் இருக்கு.

ஊசிவால்:
4 டிகிரியில! 20 டிகிரிக்கு 7 நாள்னு அங்கயே இருக்கே, அதை ஏன் முழுங்குறீங்க?

சளிக்குச்சி:
ரெண்டு பேரும் ஒரே ஆய்வைக் கட்டிக்கிட்டு அழாதீங்க. எச்5என்1-ங்கிற பறவைக் காய்ச்சல் வகையை 17, 28 டிகிரி ரெண்டுலயும் உப்பின் அளவை மாத்தி மாத்தி வச்சுப் பார்த்த ஆய்வு 2007-ல வந்தாச்சு. உப்பில்லாத தண்ணியில 28 டிகிரியிலயும் அது நாலு நாள்ல சாகல, வாரக்கணக்கு போகுது. ஆகவே "4 நாள்" கோஷ்டி கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.
ஆனா அது காய்ச்சி வடிச்ச தண்ணி. ஆரம்பத்துலயே கிருமியை நிறையக் கொட்டி, ஆய்வகத்துக்குள்ள வச்சது. ஏரியில வெயில் இருக்கு, பாக்டீரியா இருக்கு, எச்சம் கலந்து நீர்த்தும் போகும். ஆகவே "30 நாள்" கோஷ்டியும் அடக்கி வாசிக்கலாம்.

கோழிக்கூண்டு:
"28 டிகிரியிலயும் வாரக்கணக்கு." சொன்னது நான் இல்ல, ஆய்வகத்துக்காரர். நன்றி சார். 30 நாள்.

ஊசிவால்:
மொத்தப் பதிவையும் படிச்சுட்டு ஒரு வரியை மட்டும் வெட்டி ஒட்டுறது உங்க பழைய பழக்கம். தீவன விலை இழையிலயும் இதைத்தான் பண்ணீங்க.

கோழிக்கூண்டு:
தீவன விலையில நான் சொன்னதுதான் கடைசியில நடந்துச்சு. பழசைக் கிளறினா உங்களுக்குத்தான் அசிங்கம்.

வயல்வாத்து:
ஒரு சந்தேகம். உயிரோட இருக்குன்னா எதை வச்சு சொல்றோம்? கிருமியோட மரபணுவைத் தேடுற பி.சி.ஆர். சோதனையில பாசிட்டிவ் வந்தா போதுமா, கோழிக் கருமுட்டையில ஏத்தினா வளரணுமா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டுப் பேசலாமே.

ஊசிவால்:
வெப்பநிலைதான் இங்க கேள்வி. திசை திருப்பாதீங்க.

சளிக்குச்சி:
பி.சி.ஆர். செத்த கிருமியோட ஆர்.என்.ஏ.வையும் காட்டும். முட்டையில வளர்க்கிறதுன்னா 9-லிருந்து 11 நாள் ஆன கருமுட்டை, கருவை ஒட்டியிருக்கிற அலண்டாயிக் பையில மாதிரி 0.2 மில்லி, 37 டிகிரி, அஞ்சு நாள் வரைக்கும் பார்க்கணும். ராத்திரி 4 டிகிரியில குளிரவச்சு, மறுநாள் அந்தப் பைத் திரவத்துல கோழி ரத்தச் சிவப்பணுவைப் போட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டுதா பார்க்கணும், ஒட்டினா கிருமி இருக்கு. ஒட்டலைன்னா அந்தத் திரவத்தையே இன்னொரு தடவை முட்டையில ஏத்தணும்.
இங்க வர்ற மாதிரிகள் பாதி வழியிலயே கெட்டுப்போகுது. மரக்குச்சியில எடுக்கிறது, கிருமியைக் காக்கிற ஊடகத் திரவம் இல்லாம வெறும் உப்புத்தண்ணியில போடுறது, தாமதமானா -20 பெட்டியில வைக்கிறது. 4 டிகிரி, 48 மணி நேரத்துக்குள்ள போபால் ஆய்வகத்துக்குப் போய்ச் சேரணும். முடியாதா, -80. நடுவுல -20 வேண்டவே வேண்டாம், கிருமி அங்கதான் சாகும். ஏரி அடிச்சேறு எடுத்தா இன்னொரு தொல்லை, மக்கின இலைதழையில இருந்து வர்ற ஹியூமிக் அமிலம் பி.சி.ஆரையே முடக்கும். பத்துல ஒரு பங்கா நீர்த்து மறுபடி ஓட்டாம "நெகட்டிவ்"னு கையெழுத்துப் போடுறவங்களைக் கும்பிடணும்.
அப்புறம், தொண்டையில குச்சி போடாம பின்பக்கம் மட்டும் போடுறவங்க. வீரியம் குறைஞ்ச வகைன்னா குடல்ல பெருகும், சரி. எச்5என்1 வாத்துல தொண்டையிலதான் அதிகம் வரும். ரெண்டு பக்கமும் எடுக்கணும்.

கோழிக்கூண்டு:
பாடம் முடிஞ்சுதா? கேரளாவுல குட்டநாட்டு வயல்கள்ல நோய் வந்தது 2014 நவம்பர், 2016, 2021 ஜனவரி... எல்லாம் வலசைக் காலம். தண்ணியில கிருமி நிக்காமலா மேய்ச்சல் வாத்துக்கு வந்துச்சு?

ஊசிவால்:
2024 ஏப்ரல்ல அதே குட்டநாட்டுல எடத்துவா, செறுதனை. கடைசி வலசைக் கூட்டமும் கிளம்புற நேரம். அதுக்கு யாரைக் குத்தம் சொல்வீங்க? 2021 ஜனவரியில இமாச்சல் போங் அணையில பட்டைத்தலை வாத்து ஆயிரக்கணக்குல செத்தது எச்5என்1. அதே வாரங்கள்ல குட்டநாட்டுல எச்5என்8. வேற வேற கிருமி. வாத்துக்குஞ்சு ஏத்துற வண்டி, முட்டை அட்டை, குஞ்சு வியாபாரி, இதையெல்லாம் பாருங்க.

கோழிக்கூண்டு:
அந்த எச்5என்8 அதுக்கு முன்னாடி ரஷ்யா, கஜகஸ்தான்ல இருந்துச்சு. சைபீரியாவுல இருந்து வாத்து லாரி வந்துச்சோ?

சளிக்குச்சி:
நல்ல கேள்வி. ஆனா குட்டநாட்டுக்குள்ள வந்தப்புறம் வயலுக்கு வயல் பரப்பினது மேய்ச்சல் கூட்டமும் வண்டியும்தான். உப்புத்தண்ணி கிருமியைக் கொன்னுடும்னு எவனாவது கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்: டிசம்பர்ல குட்டநாட்டுத் தண்ணீர்முக்கம் தடுப்பணைக் கதவை மூடினா கடல் உப்பு உள்ள வராது. மார்ச் வரைக்கும் நல்ல தண்ணிதான்.

வயல்வாத்து:
லாரியைக் கழுவச் சொல்லியாச்சு, பிளீச்சிங் தூள் அடிக்கிறோம். இன்னும் என்ன?

சளிக்குச்சி:
எச்சம் ஒட்டியிருக்கிற பலகை மேல பிளீச்சிங் அடிச்சா எச்சம்தான் குளோரினைக் குடிக்கும். முதல்ல சுரண்டணும், அப்புறம் சோப்புத்தண்ணி. இந்தக் கிருமிக்கு மேல கொழுப்புறை, சோப்பே பாதியைக் கொல்லும். காயவிட்டு அதுக்கப்புறம் மருந்து. சக்கரம் மட்டும் நனைஞ்சா போதாது, ஓட்டுநர் கால் வைக்கிற தரைவிரிப்பு?

வயல்வாத்து:
தரைவிரிப்பையும் கழுவணும்னா லாரிக்காரன் வரவே மாட்டான் சார். வாத்தை நீங்க தோள்ல தூக்கிட்டுப் போறீங்களா?

ஊசிவால்:
பறவையை விரட்ட வெடிக்குக் காசு இருக்கும், விரிப்பு கழுவ இருக்காது.

கோழிக்கூண்டு:
வெடி போடச் சொன்னது நான் இல்ல. 30 நாள்னு மட்டும்தான் சொன்னேன்.

ஊசிவால்:
எந்த டிகிரியில?

கோழிக்கூண்டு:
எச்சத்தையே ஒத்துக்காதவர்கிட்ட டிகிரி பேசி என்ன ஆகப்போகுது.

சளிக்குச்சி:
கருமுட்டை எங்க வாங்குறீங்கன்னு யாரும் கேக்கலையே? தடுப்பூசி போட்ட தாய்க்கோழி முட்டையில எதிர்ப்பொருள் இருக்கும், அதுல ஏத்திட்டு "வளரல"ன்னு எழுதுற கூட்டமும் இங்கதான் இருக்கு. நாளைக்கு அதையும் எழுதறேன்.

வயல்வாத்து:
முதல்ல லாரிக்குப் பதில் சொல்லுங்க சார்.