போட்டோஷாப்னு தெரிஞ்சும் மனசு ஏன் ஒப்பிட்டுப் பாக்குது?

யாழினி அம்மா:
என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. விளம்பரத்துல வர்ற பொண்ணுங்க படமெல்லாம் திருத்தினதுன்னு அவளுக்கு நல்லாவே தெரியும், எந்த ஆப்ல எப்படி இடுப்ப குறைக்கிறாங்கன்னு எனக்கே காட்டித் தருவா. அப்படியிருந்தும் இப்பல்லாம் ஸ்கர்ட் போட மாட்டேங்கிறா, தொடை பெருசா தெரியுதாம். "பொய்னு தெரியும்மா, ஆனா பாத்தாலே என்னைய எனக்கு பிடிக்கல"ங்கிறா. நீ அழகாத்தான்டி இருக்கேன்னு சொன்னா "நீ அம்மா, அப்படித்தான் சொல்லுவ". படத்துல திருத்தம் பண்ணிருக்குன்னு போட்டே ஆகணும்னு சில நாட்டுல சட்டம் இருக்காமே, அதனால ஏதாவது பிரயோஜனம் இருக்கா? நான் அவகிட்ட என்னதான் பேசுறது?

பிக்சல்காரன்:
சட்டம் இருக்குங்க. பிரான்ஸ்ல 2017 அக்டோபர்ல இருந்து, மாடலோட உடம்பை ஒல்லியாவோ பெருசாவோ திருத்தினா விளம்பரத்துலயே "திருத்தப்பட்ட படம்"னு போடணும், போடலன்னா 37,500 யூரோ வரைக்கும் அபராதம், விளம்பரச் செலவுல 30 சதவீதம் வரைக்கும் கூட போகலாம். நார்வேல 2022 ஜூலைல இருந்து காசு வாங்கிட்டு போஸ்ட் போடுற இன்ஃப்ளூயன்சருக்கும் இதே மாதிரி விதி இருக்கு.

ஆனா நான் ரீடச்சிங், அதாவது எடுத்த படத்த கம்ப்யூட்டர்ல திருத்துற வேலை பாத்தவன், அதனால சொல்றேன், அந்த ஒரு வரி ரொம்ப கொஞ்சத்தத்தான் சொல்லுது. கம்ப்யூட்டருக்கு வர்றதுக்கு முன்னாடியே பாதி வேலை முடிஞ்சிரும். லைட்ட எங்க வெக்கிறது, கேமராவ எவ்வளவு கீழ இறக்கினா கால் நீளமா தெரியும், டிரஸ்ஸ முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்குறது, நூத்துக்கணக்குல எடுத்து ஒரே ஒரு படத்த வெச்சிக்கிட்டு மிச்சத்த தூக்கிப் போடுறது, இதுக்கெல்லாம் எந்த லேபிளும் கிடையாது. அதுக்கப்புறம் எங்ககிட்ட வரும். அக்குள் மடிப்பு, முட்டிச் சுருக்கம், கழுத்து வரி எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுவாங்க. அதெல்லாம் குறையே இல்லங்க, கைய மடக்கினா தோல் மடங்கத்தானே செய்யும்! 2011ல பிரிட்டன்ல விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு ஹாலிவுட் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் நடிச்ச ஒரு ஃபவுண்டேஷன் (முகத்துக்குப் பூசுற மேக்கப்) விளம்பரத்தையே நிறுத்திருச்சு, ஏன்னா முகம் அவ்வளவு பளபளன்னு தெரியறது பொருளாலயா திருத்தத்தாலயான்னு கம்பெனியால நிரூபிக்க முடியல.

ஊசிநூல்:
நான் பேட்டர்ன் கட்டிங், அதாவது டிரஸ்ஸுக்கு அளவு வரைஞ்சு துணி வெட்டுற வேலை பண்றவ. அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேக்கணும். புது டிசைன் வந்தா முதல்ல சாம்பிள்னு ஒரே ஒரு சின்ன சைஸ்ல தான் தைப்போம். ரேம்ப்ல நடக்க, போட்டோ எடுக்க எல்லாத்துக்கும் அதே துணிதான் போகும், சோ அந்தத் துணிக்குள்ள யார் உடம்பு நுழையுதோ அவங்களுக்குத்தான் வேலை. துணிய பிரிச்சு தைக்கலாம், ஆனா யாரும் தைக்க மாட்டாங்க, ஆளத்தான் மாத்துவாங்க.

அந்தத் துணிக்குள்ள நுழையற மாடல் பொண்ணுங்களுக்கே அவ்வளவு ஒல்லியா இருக்கறது தாங்க முடியல. 2006 ஆகஸ்ட்ல உருகுவே மாடல் லூயிசெல் ராமோஸ் ஃபேஷன் ஷோ அன்னிக்கே இறந்தாங்க, 22 வயசு. அதே வருஷம் நவம்பர்ல பிரேசில்ல அனா கரோலினா ரெஸ்டன், 21 வயசு, பட்டினியால வந்த நோய். அதுக்கு நடுவுல மாட்ரிட் ஃபேஷன் ஷோல பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கிற கணக்கு) 18க்கு கீழ இருந்தா மேடை ஏறக்கூடாதுன்னு விதி போட்டாங்க. உங்க பொண்ணுகிட்ட இத சொல்லுங்க அக்கா. அவ தொடையில ஒரு குறையும் இல்ல, அவள அளக்குற அந்த சின்ன சைஸ் துணிதான் தப்பு.

கதிர்:
பிடிக்கலன்னா பாக்காம விட்டுட்டா போச்சு. விளம்பரம்னா அழகாத்தான் காட்டுவாங்க, இதுக்கு எதுக்கு இவ்வளவு?

மனநலம்_தேவி:
கதிர், பாக்காம இருக்கறது ஒருத்தர் கையில மட்டும் இல்லங்க. ஃபிஜித் தீவுல ஒரு மாகாணத்துக்கு 1995ல தான் டிவி வந்துச்சு. அங்க நல்லா சதைப்பிடிப்பா இருக்கறதுதான் அழகுன்னு காலங்காலமா இருந்த ஊர். ஆன் பெக்கர்ங்கிற ஆராய்ச்சியாளர் டிவி வந்த புதுசுல கேட்டப்ப எடைக்காக வாந்தி எடுக்குற பள்ளிக்கூடப் பொண்ணு ஒருத்தி கூட இல்ல. 1998ல திரும்ப கேட்டப்ப 11 சதவீதம். அந்தப் பிள்ளைங்க யாரும் வேணும்னு போய் இத தேடிக்கல.

யாழினி அம்மா, லேபிள் பத்தி நடந்த ஆய்வுகள்ல பெரும்பாலும் அது மனசுல பெருசா ஒண்ணும் மாத்தலன்னுதான் வந்திருக்கு. கண்ணு பாத்த உடனே மனசு அளந்து முடிச்சிருது, இது பொய்ங்கிற அறிவு அப்புறம்தான் வந்து சேருது. அதனால உங்க பொண்ணு சொல்றது முழுக்க நியாயம், அவகிட்ட வாதாடாதீங்க. ஆமா, அப்படித்தான் வலிக்கும்னு ஒத்துக்கோங்க. அழகா இருக்கேங்கிறத விட்டுட்டு அவ எந்த மாதிரி படம் பாத்தா வாடிப்போறான்னு கேளுங்க, அந்தப் படம் போடுற அக்கவுண்ட்டுகள ரெண்டு பேரும் சேர்ந்து அன்ஃபாலோ பண்ணுங்க. அவ காதுபட நீங்க உங்க வயித்தையோ அடுத்தவங்க எடையையோ குறை சொல்லாதீங்க, வீட்ல யாரையும் சொல்ல விடாதீங்க. முக்கியமா, சாப்பாட்ட ஒதுக்குறாளா, சாப்பிட்ட உடனே பாத்ரூம் போறாளா, பீரியட்ஸ் தள்ளிப்போகுதா, இத கவனிங்க.

யாழினி அம்மா:
ராத்திரி சாப்பாடு வேண்டாம்னு கொஞ்ச நாளா சொல்றா, பசிக்கலயாம். நேரா மனநல டாக்டர்கிட்டயே போகணுமா?

மனநலம்_தேவி:
முதல்ல வழக்கமா பாக்குற குழந்தை டாக்டரே போதும். பழைய எடை, உயரம் எல்லாம் அவர்கிட்ட இருக்கும், ஒப்பிட்டுப் பாத்து அடுத்து யார பாக்கணும்னு சொல்லுவார். எடை பாக்குறப்ப நம்பர அவ முன்னாடி படிக்க வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. இந்த வாரமே போங்க, தள்ளிப் போடாதீங்க.