மறுமொழி: 'பிரீகிளினிக்கல் அல்சைமர்' – 'அரும்புநிலை' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். மறதி வெளியே தெரியாமல், மூளையில் மட்டும் மாற்றங்கள் தொடங்கிவிட்ட கட்டத்தை ஆங்கிலத்தில் 'பிரீகிளினிக்கல் அல்சைமர்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'அரும்புநிலை' என்று நான் முன்வைத்ததற்குக் குழுவில் வந்த கருத்துகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

//'நோய்முன் நிலை' என்றே வைத்துக்கொள்ளலாம். எளிமை; பொருளும் நேராக வருகிறது.//

நானும் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தேன். குடும்பத்தாருக்கான கையேட்டின் முதல் படியை என் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். எங்கள் அம்மாவுக்கு அல்சைமர் வந்து ஆறு வருடமாகிறது. படித்து முடித்துவிட்டு, "அப்போ எனக்கு எப்போ வரும்?" என்று கேட்டாள். "வருமா?" என்று கேட்கவில்லை. அந்த 'முன்' செய்த வேலை அது. ஒன்றுக்கு முன் என்றால், அது பின்னால் வந்தே தீரும் என்றுதான் நம் காது எடுத்துக்கொள்கிறது.

மூளைக்குள் நடப்பது அவ்வளவு நேரான கதை இல்லை. மறதி தலைகாட்டுவதற்கு 15, 20 ஆண்டுகள் முன்பே அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படியத் தொடங்கிவிடுகிறது. ஆனால் மூளை நிறையப் படிவு இருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்து முடித்தவர்களும் உண்டு.

மரபணுவும் இதையே காட்டுகிறது. ஏபிஓஇ என்ற மரபணுவின் ஒரு வகை ஏபிஓஇ4. அல்சைமரோடு அதற்குள்ள தொடர்பு 1993-இல் தெரியவந்தது. அது ஒரு பிரதி இருந்தால் ஆபத்து ஏறக்குறைய 3 மடங்கு. தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரண்டும் இருந்தால் 8 முதல் 12 மடங்கு வரை. இருந்தும் நோய் வராதவர்கள் பலர், இல்லாமலே வந்தவர்களும் பலர். இது நோயின் பக்கம் சாய்க்கும் மரபணு. பிரசெனிலின்-1 என்ற இன்னொரு மரபணுவில் வரும் மாற்றம் அப்படியல்ல. அது இருந்தால் நோய் அநேகமாக உறுதி. சரி, அங்கேயாவது 'நோய்முன்' பொருந்துமா?

கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியைப் பாருங்கள். பிரசெனிலின்-1 மாற்றம் தலைமுறை தலைமுறையாக ஓடும் பெரிய உறவுக் கூட்டம் அங்கே இருக்கிறது. மருத்துவர் பிரான்சிஸ்கோ லோப்பேரா பல பத்தாண்டுகள் அவர்களோடு இருந்து ஆராய்ந்தார். மாற்றம் உள்ளவர்களுக்கு 28 வயதை ஒட்டி அமிலாய்டு சேரத் தொடங்குகிறது. 44 வயது வாக்கில் நினைவு தடுமாறுகிறது. 49 வாக்கில் முழு மறதிநோய். அதே கூட்டத்தில் ஒரு பெண்மணிக்கு மட்டும் எழுபது வயதைத் தாண்டும்வரை தடுமாற்றமே தெரியவில்லை. 2019-இல் காரணத்தை வெளியிட்டார்கள்: ஏபிஓஇ மரபணுவில் அவருக்கு இன்னொரு அரிய மாற்றம், இரண்டு பிரதிகளிலும். மூளை முழுக்க அமிலாய்டு, ஆனால் நோயில் நரம்பணுக்களுக்குள் முறுக்கிக்கொள்ளும் டௌ என்ற இன்னொரு புரதத்தின் படிவு கொஞ்சம்தான். உறுதி என்று சொல்லப்பட்ட இடத்திலேயே முப்பது வருடம் தள்ளிப்போயிருக்கிறது! 'முன்' என்ற சொல்லை நான் விட்டது இதைப் படித்த பிறகுதான். (அந்த ஊர்களில் இந்த நோயை 'லா போபேரா', அதாவது மடத்தனம், என்றுதான் அழைத்து வந்தார்கள். ஒரு சொல் ஒரு குடும்பத்தை எவ்வளவு காலம் குறுக வைக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.)

மற்ற பரிந்துரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'முன்மருத்துவ நிலை' குழப்பும். மருந்தை மனிதருக்குக் கொடுக்குமுன் விலங்குகளில் சோதிப்பதையும் அப்படித்தான் எழுதுகிறோம். 'உறங்குநிலை' என்றால் கிருமி தூங்குவதுபோல் இருக்கிறது. இங்கே எதுவும் தூங்கவில்லை, படிவு ஏறிக்கொண்டே இருக்கிறது. 'நீறுபூத்த நிலை' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நீறு பூத்தாலும் உள்ளே இருப்பது முழு நெருப்பு, படிப்பவர் பயந்துபோவார்.

அதனால்தான் 'அரும்புநிலை'. அரும்பு என்றால் தொடங்கிவிட்டது என்று பொருள், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எல்லா அரும்பும் மலர்வதில்லை, பல உதிர்கின்றன. இது தெரியாத தமிழர் இல்லை. அரும்புநிலை அல்சைமர், அரும்புநிலை மாற்றங்கள், அரும்புநிலைப் பரிசோதனை என்று தடையில்லாமல் சேர்ந்தும் வருகிறது.

//பூவின் சொல்லை நோய்க்கு வைப்பதா? கேட்கவே ஒருமாதிரி இருக்கிறதே.//

இப்படிக் கேட்ட அம்மையாருக்கு: உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் நெற்றியில் வியர்வையும் அரும்புகிறது, உதட்டுக்கு மேல் மீசையும் அரும்புகிறது. பூவுக்கு மட்டுமான சொல் அல்ல அது. குறளின் காமத்துப்பாலிலேயே நோய் காலையில் அரும்பி, பகலில் போதாகி, மாலையில் மலர்கிறது. அது காதல் நோய்தான். ஆனால் நோய் படிப்படியாக முற்றுவதைச் சொல்ல இந்தச் சொல் அப்போதே பயன்பட்டிருக்கிறது. முற்றிய கட்டத்தை 'மலர்நிலை' என்று நான் எழுத மாட்டேன். என் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சொல் என் கைக்கு வராது. அதற்கு 'மறதிநோய்' போதும்.

நாவில் இருப்பதைச் சுவை அரும்பு என்கிறோமே, குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். 'நிலை' சேர்ந்தே வருவதால் குழம்பாது என்று நினைக்கிறேன். உடற்கூறியல் பாடம் எடுப்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால் சொல்லுங்கள்.

திருத்திய படியைத் தங்கையிடம் மறுபடி கொடுத்திருக்கிறேன். இந்த முறை என்ன கேட்கிறாள் என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்.