2014 ஸ்விஃப்ட் டீசல், 1.1 லட்சம் கி.மீ.: இப்போ வாங்கலாமா?

திருப்பூர்_நெசவு கேட்டது:
திருப்பூர்–கோவை தினமும் போய்வரணும், மாசம் 2,000 கி.மீ. ஆகும். பட்ஜெட் 4 லட்சத்துக்குள்ள. பார்த்து வச்சிருக்கறது 2014 ஸ்விஃப்ட் வி.டி.ஐ., ரெண்டாவது ஓனர், மீட்டர்ல 1.1 லட்சம், விலை 3.6 லட்சம் சொல்றாங்க. 16 இஞ்ச் அலாய், புரொஜெக்டர் லைட் மாட்டியிருக்கு. அதே வருஷ வண்டி டெல்லி நம்பர்ல ஒரு லட்சம் கம்மியா புரோக்கர் காட்டறார், 60,000தான் ஓடியிருக்காம். எதை எடுக்கறது? என்னென்ன பார்க்கணும்?

மல்டிஜெட்_1248:
இன்ஜின் நல்ல இன்ஜின். ஃபியட்டோட 1.3 மல்டிஜெட், 75 பி.எஸ். (குதிரைத்திறன்), 190 என்.எம். டார்க். ரிட்ஸ், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ எல்லாத்துலயும் இதே குடும்பம்தான். 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 புகை விதி வந்தப்போ மாருதி டீசலை நிறுத்திட்டாங்க, ஆனா ரோட்டுல வண்டி ஏராளம். ஸ்பேர், மெக்கானிக் ரெண்டுக்கும் அலைய வேண்டியதில்லை. அதுக்கு முந்தின பி.எஸ். 4 ஸ்விஃப்ட்ல டி.பி.எஃப். (புகைக் கரியைப் பிடிக்கற ஃபில்டர்) கிடையாதுங்கறது இன்னொரு நிம்மதி.

காலையில இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்க. "சூடு பண்ணி வச்சிருக்கேன்"னு சொன்னா வேற நாள் வர்றேன்னு திரும்பிடுங்க. இந்த இன்ஜின்ல டைமிங் பெல்ட் இல்லை, செயின். அதை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் ஆயில் அழுத்தத்துல வேலை செய்யுது. ஸ்டார்ட் ஆன ரெண்டு மூணு செகண்டுக்கு மேல செயின் பக்கம் கடகடன்னு சத்தம் நீடிச்சா, ஆயில் மாத்தாம ஓட்டியிருக்காங்கன்னு எடுத்துக்கலாம். சுமார் 3 லிட்டர் ஆயில்தான் பிடிக்கும். அதுல ஒரு லிட்டர் குறைஞ்சு ஓடினாலே செயினும், இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளற டர்போவும் சேர்ந்து அடி வாங்கும்.

இன்ஜின் சூடானதும் ஐடிலிங்ல ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து அப்படியே கவுத்து வையுங்க. லேசா ஆவி வந்தா சரி. மூடி குதிச்சாலோ, புகை விட்டுவிட்டு அடிச்சாலோ பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கு, பேரமே பேச வேண்டாம். அடுத்து, டீசலைப் பீச்சற இன்ஜெக்டர். அடிப்பாகத்துல தார் மாதிரி கறுப்பா இறுகிக் கிடந்து, "சஃப் சஃப்"னு காத்து தள்ளற சத்தம் கேட்டா காப்பர் வாஷர் லீக். வாஷர் மலிவுதான், ஆனா ரொம்ப நாள் விட்டிருந்தா இன்ஜெக்டரைக் கழட்டறதே பெரிய வேலை. பம்ப் ஷாப்ல ரிட்டர்ன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க: நாலு இன்ஜெக்டர் ரிட்டர்ன் பைப்புலயும் தனித்தனி பாட்டில் மாட்டி சில நிமிஷம் ஓடவிடுவாங்க. ஒரு பாட்டில் மட்டும் வேகமா நிறைஞ்சா அந்த இன்ஜெக்டர் போச்சு.

டர்போவுல இருந்து இன்ஜினுக்குக் காத்து போற ஹோஸைக் கழட்டிப் பாருங்க. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு சகஜம், ஆயில் தேங்கி வழிஞ்சா டர்போ சீலைச் சந்தேகப்படணும். கிளட்சுக்கு, மூணாவது கியர்ல 30-40 வேகத்துல போகும்போது ஆக்சிலேட்டரை முழுசா மிதிங்க. ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் செட் காசை விலையில கழிக்கணும். 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழ சோம்பலா இருக்கறது இதோட இயல்பு, அதைக் குறைன்னு நினைக்காதீங்க.

வடக்கு_வண்டி_வேண்டாம்:
டெல்லி வண்டி ஏன் மலிவுன்னு தெரிஞ்சுக்கோங்க. டெல்லியிலயும் அதைச் சுத்தின என்.சி.ஆர்.லயும் 10 வருஷம் தாண்டின டீசலுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல தடை போட்டது, உச்ச நீதிமன்றமும் 2018-ல உறுதி பண்ணிச்சு. அதனால வெளி மாநிலத்துக்குத் தள்ளிவிட ஆரம்பிச்சாங்க. அந்த ஒரு லட்சம் உங்க பாக்கெட்டுல நிக்காது. என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) வாங்கணும், தமிழ்நாட்டு வரி கட்டணும், நம்பர் மாத்தணும், புரோக்கர் கூலி வேற. நாளைக்கு விக்கும்போது "டெல்லி வண்டியா?"ன்னு முகத்தைச் சுளிப்பாங்க. 60,000ங்கறதையும் நம்பாதீங்க. பிரேக் பெடல் ரப்பர் மொழுமொழுன்னு தேய்ஞ்சு, ஸ்டீயரிங் பளபளத்தா மீட்டரைக் குறைச்சிருக்காங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல நம்பரைச் சொன்னா பழைய சர்வீஸ் விவரம் கிடைக்கும், ஓனரையும் கூட்டிட்டுப் போங்க.

ஸ்டாக்_ரசிகன்:
முதல் வண்டிக்கே என் ஓட்டும். ஆனா அந்த அலாயை விலையில கூட்டிக் கேட்டா ஒத்துக்காதீங்க. வி.டி.ஐ.க்கு கம்பெனி டயர் 165/80 ஆர்14, மேல் மாடல் இசட்.டி.ஐ.க்கு 185/65 ஆர்15. ரெண்டோட வெளிவிட்டமும் 62 செ.மீ. கிட்ட, அதனால 15 வரைக்கும் தாராளமா ஏத்தலாம். அகலமான டயரோட 16 போட்டா ஸ்டீயரிங் கனக்கும், மைலேஜ் குறையும், வீல் பேரிங்கும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் சீக்கிரம் போகும். பழைய வீல் செட்டைக் கேட்டு வாங்கி மாட்டுங்க.

புரொஜெக்டர் லைட்டு இன்னும் பெரிய தலைவலி. ரிலே போட்டுத் தனி ஒயர் இழுத்திருக்காங்களா, இல்ல கம்பெனி ஒயரை நடுவுல வெட்டி டேப் சுத்தியிருக்காங்களான்னு பாருங்க. வெட்டியிருந்தா வாங்கின வாரமே எலக்ட்ரீஷியன்கிட்ட விடணும். எதிர்ல வர்றவன் கண்ணைக் கூசவைக்கற லைட்டு வண்டி மேல உள்ள பாசமே இல்லை. நம்ம ஊர்ல ஸ்டிக்கருக்கும் சத்தத்துக்கும் செலவழிச்சவன்தான் வண்டிப் பைத்தியம்னு பேர் வாங்கறான். என் கணக்குல, கம்பெனி போட்ட நட்டு அசையாம, பில் எல்லாத்தையும் கோப்புல வச்சிருக்கறவர்தான் அந்தப் பேருக்குத் தகுதியானவர். அவர் வண்டிக்கு 30,000 அதிகம் கொடுக்கலாம்.

சென்னை வண்டியா இருந்தா வெள்ளம் பார்க்கறது கட்டாயம், 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் மூழ்கின வண்டிங்க இன்னும் கைமாறிட்டிருக்கு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்க, சேறு படிஞ்ச கோடு தெரியும். ஸ்டெப்னிக் குழியையும் சீட் ரெயில் துருவையும் பாருங்க. விபத்துக்கு, பானட் ஓரத்து சீலர் கோடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடுதான்னு கவனிங்க. ஃபெண்டர் போல்ட் தலையில பெயிண்ட் உரிஞ்சிருந்தா அது கழட்டினது.

திருப்பூர்_நெசவு:
மாசம் 2,000-க்கு டீசல் அவசியமா, இல்ல பெட்ரோல் ஸ்விஃப்டே போதுமா? பேப்பர் வேலையும் சொல்லுங்க.

கணக்கர்:
டீசல் லிட்டர் 92, பெட்ரோல் 101 என்று வையுங்கள். டீசல் 20 கி.மீ. கொடுத்தால் மாதம் 9,200 ரூபாய், பெட்ரோல் 15.5 கொடுத்தால் சுமார் 13,000. வருடத்துக்கு சுமார் 45,600 மிச்சம், உங்களுக்கு டீசல்தான். மாதம் 500 கி.மீ. ஓட்டுபவர் இதே முடிவை எடுக்கக் கூடாது. குட்டிக் குட்டி ஓட்டத்தில், புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்து அடைக்கும்.

பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் ஓனர் கையெழுத்து வேண்டும். கடன் இருந்திருந்தால் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்கும் ஃபார்ம் 35-உம் வங்கிக் கடிதமும் சேர்த்து வாங்குங்கள். நிலுவை அபராதத்தைப் பணம் கொடுக்கும் முன் பரிவாகன் தளத்தில் பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஆர்.சி. 2029-இல் முடியும், பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் பசுமை வரி கட்டினால் 5 வருடம் நீட்டிப்பார்கள். 3.6 லட்சத்தை 3.3-க்குக் கொண்டுவந்து, 40,000 ரூபாயைத் தனியாக வைத்திருங்கள்: எல்லா ஃபில்டர், ஆயில், கூலன்ட், பிரேக் பேட், பேட்டரி, வேண்டுமானால் கிளட்ச்.