புதுப்பிப்பு: அம்மாவின் பழைய தழும்பில் குடலிறக்கம், ஆபரேஷன் முடிந்தது

கர்ப்பப்பை எடுத்த தழும்பில் அம்மாவுக்குக் குடலிறக்கம் (ஹெர்னியா), அதாவது வயிற்றுச் சுவர் விட்டுப்போன இடத்தில் உள்ளிருப்பது வெளியே பிதுங்குவது. வயிற்றைத் திறப்பதா, சிறு துளை போட்டு உள்ளே வலை (ஓட்டையை மூடித் தாங்கும் செயற்கை வலைத்துணி) வைப்பதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

புதுச்சேரியில் லேப்ராஸ்கோபியிலேயே, அதாவது துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்தார்கள். மூன்று துளை; வயிற்றுச் சுவரில் இருந்த ஓட்டையைத் தாண்டி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. வரும்படி வலை. மூன்றாம் நாள் கடலூர் திரும்பிவிட்டோம். வயிற்று பெல்ட்டை முன்பே வாங்கி வைக்கச் சொன்னவருக்குக் கோடி புண்ணியம். இருமும்போதெல்லாம் அதுதான் தாங்கியது.

எதிர்பாராதது ஒன்று. பத்தாம் நாள் அதே இடத்தில் மறுபடி வீக்கம். "திரும்ப வந்துடுச்சுடா" என்று அம்மா அழுதேவிட்டார். ஸ்கேன் பார்த்தால் வெறும் நீர். சீரோமாவாம், இது பலருக்கும் வருவதுதானாம். ஊசி குத்தினால் கிருமி நுழையலாம் என்று உறிஞ்சி எடுக்கவில்லை. காய்ச்சல், சிவப்பு, வாந்தி என்றால் மட்டும் உடனே வரச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் தானாக வற்றிவிட்டது. இப்போது அம்மாவின் ஒரே குறை, தண்ணீர்க் குடத்தைத் தூக்க நான் விடுவதில்லை.