கார்புரேட்டருக்கு ‘எரிகலப்பி’

நண்பர்களுக்கு வணக்கம்.

கார்புரேட்டருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில், ‘கரிமமூட்டி’ வேண்டாம் என்பது என் கட்சி. ஆங்கில வேர் கரிமத்தில் இருக்கலாம்; கருவியின் வேலை பெட்ரோலைக் காற்றோடு அளவாகக் கலப்பது. வெறும் ‘கலப்பி’ என்றால் சமையலறை மிக்சியும் வந்து நிற்கும். ‘எரிகலப்பி’ என்று வைக்கலாம்.

தொட்டியில் பெட்ரோல் மட்டத்தை ஒரு மிதவை காக்கும் வகையை வைத்துச் சொல்லும் ‘மிதவைக்கலப்பி’யைப் பொதுப்பெயராக்க முடியாது. காருக்குப் பொருந்தும், விமானத்தில் இடிக்கும். 1940இல் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் மூக்கை விமானி சட்டென்று கீழே அழுத்தினால் அதன் மெர்லின் எஞ்சின் திணறியது. மிதவைத் தொட்டியில் பெட்ரோல் மேலே எழும்பி, முதலில் வரத்து அறுந்து, அடுத்த நொடி அளவுக்கு மீறிப் பாய்ந்ததுதான் காரணம். 1941இல் பிரிட்டிஷ் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் வரத்துக் குழாயில் துளையிட்ட சிறு தகட்டைப் பொருத்தி அந்தப் பாய்ச்சலை மட்டுப்படுத்தினார். பிறகு மிதவையே இல்லாத வகை வந்தது. அதற்கு ‘அழுத்த எரிகலப்பி’ எனலாம்.

துணைச் சொற்களில்தான் கவனம் வேண்டும். 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். மேலே போகப் போகப் பெட்ரோலைக் குறைக்காவிட்டால் பிளக்கில் கரி படியும், எஞ்சின் வலுவிழக்கும். அதனால் சிறு விமானங்களில் விமானி கைக்கெட்டும் இடத்தில் சிவப்புக் குமிழ் ஒன்று இருக்கும். முழுக்க இழுத்தால் பெட்ரோல் நின்று எஞ்சின் அணையும். வழக்கமாக அணைப்பதே அப்படித்தான். பழைய காரின் சோக்கையும் இழுக்கத்தான் செய்வோம், ஆனால் அது காற்றை அடைத்துக் கலவையைச் செறிவாக்கும். சிவப்புக் குமிழோ பெட்ரோலை அடைத்துக் கலவையை ஐதாக்கும், அதாவது அதில் பெட்ரோல் பங்கைக் குறைக்கும். நேர் எதிர்! இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வம்பு. சோக்குக்குக் ‘காற்றடைப்பு’, விமானத்துக்குக் ‘கலவைப்பிடி’.

அப்புறம், ஆங்கிலத்தில் ‘கார்ப் ஹீட்’ என்பதற்குக் ‘கலப்பிச்சூடு’. பெட்ரோல் ஆவியாகும்போது எரிகலப்பியின் கழுத்து குளிர்ந்துவிடும். வெளியே 20 பாகை இருந்தாலும் காற்று ஈரமாக இருந்தால் உள்ளே பனி கட்டும். புகைக்குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்றை உள்ளே விட்டு அதை உருக்குவார்கள். காரிலும் பனி கட்டுவதுண்டு, ஆனால் ஓரங்கட்டி நிறுத்தலாமே.

பெட்ரோல் மிகுந்த ‘ரிச்’ கலவை, பெட்ரோல் குறைந்த ‘லீன்’ கலவை இரண்டுக்கும் ‘செறிகலவை’, ‘மென்கலவை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘மென்’ எனக்கே உறுத்துகிறது. ‘ஐதுகலவை’ துல்லியம்தான், ஆனால் பட்டறையில் யார் வாயில் நுழையும்?