ராமமூர்த்தி நகரில் பழைய வீடு: விற்பதற்கு முன் குறைந்த செலவில் நாமே செய்யக்கூடியவை எவை?

தெற்குச்சன்னல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூர் ராமமூர்த்தி நகரில் முப்பதுக்கு நாற்பது மனையில், கீழ்த்தளமும் மேல்தளமுமாக அப்பா 1998-இல் கட்டிய வீடு எங்களுடையது. அடுத்த ஆண்டு விற்றுவிட்டு ஓசூர்ப் பக்கம் குடிபோக எண்ணியிருக்கிறோம். வந்து பார்த்த தரகர், மாடுலர் சமையலறை, பொய்க்கூரை, பழைய மொசைக் தரைமேல் புதிய டைல்ஸ் என்று அடுக்கி, 5 லட்சம் செலவழித்தால்தான் நல்ல விலை கிடைக்கும் என்கிறார். எங்களிடம் இதற்கென்று இருப்பது 60,000 ரூபாய். நானும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறோம். மேல்தளப் படுக்கையறைச் சுவரின் மேற்பகுதியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து வண்ணம் உரிகிறது. குழாய்களிலெல்லாம் போர்வெல் தண்ணீரின் உப்புப் படிந்திருக்கிறது. எதில் தொடங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சாந்துக்கரண்டி

நண்பரே, கட்டட மேற்பார்வையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வீடு வாங்க வருபவர் முதலில் பார்ப்பது அழகை அன்று. விலையைக் குறைத்துக் கேட்க எங்கே பிடி கிடைக்கும் என்பதைத்தான். சுவரில் ஓர் ஈரத்திட்டு தெரிந்தால் போதும், உண்மையான பழுதுபார்ப்புச் செலவைப் போலப் பல மடங்கைக் கழித்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவார். ஆகவே உங்கள் பணத்தில் பெரும்பகுதி மொட்டைமாடிக்குப் போகட்டும்.

சுவரில் பூத்திருப்பது உப்பு. செங்கல்லுக்குள்ளும் பூச்சுக்குள்ளும் ஊறிய நீர் அங்குள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, தான் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச்செல்கிறது. அதன்மேல் பட்டி பார்த்து வண்ணம் அடித்தால் அடுத்த மழைக்கே மீண்டும் உரியும். திட்டு சுவரின் மேற்பகுதியில் இருப்பதால் கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையின்மீதும், மழைநீர் இறங்கும் குழாய்வாயின்மீதும்தான் எனக்கு ஐயம். உறுதி செய்துகொள்ள, மழையில்லாத நாளில் குழாய்வாய்களை அடைத்து, தளத்தில் இரண்டு அங்குலத்திற்கு மிகாமல் நீர் நிறுத்தி ஒரு நாள் முழுவதும் விட்டுப் பாருங்கள். கீழே ஈரம் பரவினால் வழி மேலேதான் இருக்கிறது. பரவாவிட்டால், சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயைச் சோதிக்க வேண்டும்.

வழி தெரிந்தபின் வேலை கடினமன்று. விரிசலைச் சற்று அகலமாகக் கொத்தி, தூசியை நீக்கி, பாலிமர் கலந்த சிமெண்டுச் சாந்தால் அடைக்க வேண்டும். மூலைகளில் கண்ணாடியிழை வலை வைத்து, நீர்க்காப்புப் பூச்சை முதல் முறை ஒரு திசையிலும், அது காய்ந்தபின் குறுக்குத் திசையிலும் அடிக்க வேண்டும். பெங்களூரில் கோடைமழை ஏப்ரல், மே மாதங்களிலேயே வந்துவிடும் என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரைதான் இதற்கு உகந்த காலம். மாடியை முடித்துச் சுவர் உலரும்வரை பொறுங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு புறமும் ஒட்டி ஒரு நாள் விட்டால், தாளின் உட்புறம் நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்தே உலர்ந்ததைச் சொல்லிவிடலாம். அதன்பின் உப்பைக் காய்ந்த தூரிகையால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடியும் சுவருக்குள்ளேயே போகும்.

வண்ணத்துக்கு ஒரு கணக்கு: பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. கதவு, சன்னலைக் கழித்தால் ஏறத்தாழ 400. இரண்டு பூச்சுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் ஏழு லிட்டரில் ஓர் அறை முடியும். எல்லா அறைக்கும் ஒரே வெளிர்நிறத்தைத் தேர்ந்தால் மிச்சம் வீணாகாது. வெளிச்சுவரில் முதல் மாடி உயரத்தில் ஏணி வைத்து நீங்களே அடிக்க முயல வேண்டாம். அதைச் சாரம் கட்டும் ஆட்களிடம் விடுங்கள்.

துளசிமாடம்

ஐயா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். மொசைக் தரையின்மேல் டைல்ஸ் போடாதீர்கள் தம்பி. பாலிஷ் இயந்திரத்தோடு வரும் ஆட்கள் சதுர அடிக் கணக்கில் தேய்த்துக் கொடுப்பார்கள், பழைய தரை புதிதாகிவிடும். ஆனால் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஆசிட் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். மொசைக்கில் இருக்கும் சலவைக்கல் துண்டுகளும் சிமெண்டும் ஆசிட்டில் அரிக்கப்பட்டு, தரை சொரசொரப்பாகிவிடும்.

குழாய் உப்புக்கு, வினிகரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் சுற்றி வைத்துத் துடைத்தாலே போதும். முனைகளில் ஏரேட்டர் (நீரோடு காற்றைக் கலந்து தண்ணீர்ச் செலவைக் குறைக்கும் சிறு முனை) பொருத்திவிடுங்கள், விலையும் அதிகமில்லை. 2024 கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது குடிநீர் வாரியம் வணிக வளாகங்கள் போன்ற இடங்களில் அதைக் கட்டாயமாக்கியது நினைவிருக்கும். குளியலறை டைல்ஸ் இடுக்குகளில் கறுத்த பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி பூச்சு அடைத்தால், டைல்ஸையே மாற்றியது போன்ற தோற்றம் வரும். சமையலறையில் அலமாரிக் கதவுகளின் கீல்களையும் கைப்பிடிகளையும் மாற்றுங்கள், அதற்குமேல் அங்கே செலவழிக்க வேண்டாம். வாங்குபவர் தம் விருப்பப்படிதான் சமையலறையை மாற்றிக்கொள்வார். மின்சார வேலையில் மட்டும் கை வைக்காதீர்கள். உரிமம் பெற்றவரை அழைத்து, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள்.

கெம்பாபுரத்தார்

நான் சற்று மாறுபடுகிறேன். தனி மனையில் நிற்கும் பழைய வீட்டுக்கு வருபவர்களில் பலர் மனைக்குத்தான் விலை பேசுவார்கள். இடித்துவிட்டு மூன்று தளம் கட்டும் எண்ணத்தோடு வருபவருக்கு உங்கள் வண்ணமும் பாலிஷும் பொருட்டே அல்ல. அடுக்கக வீடாக இருந்தால் கதை வேறு. ஆகவே 60,000 முழுவதையும் செலவழித்துத்தான் ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். காத்தா என்பது மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டுக் கணக்கு. அது ஏ காத்தாவா (விதிப்படி அமைந்த சொத்து) பி காத்தாவா (விதிமுறைக் குறையுள்ள சொத்து) என்பதுதான் முதல் கேள்வியாக வரும். 2024 முதல் பத்திரப் பதிவுக்கு இ-காத்தா (காத்தாவின் மின்வடிவம்) கட்டாயம் என்பதால் அதையும், சொத்துவரி ரசீதுகளையும், வில்லங்கச் சான்றையும் எடுத்து வையுங்கள். இவை இல்லாத வீட்டுக்கு எந்த நீர்க்காப்பும் விலை ஏற்றித் தராது.

இடிக்க வருபவரானாலும் குடியிருக்க வருபவரானாலும் இந்த ஊரில் அடுத்துக் கேட்பது தண்ணீர். காவிரி இணைப்பு உண்டா, போர்வெல் எத்தனை அடி என்பார்கள். ஆகவே மழைநீர்ச் சேமிப்புக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள். பெங்களூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் விழுவதில் சிந்தியது போக 70,000 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். பி.வி.சி. குழாய், முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்ற ஒரு திறப்பு, ஒரு வடிகட்டி, அங்கிருந்து சம்ப்புக்கு ஓர் இணைப்பு. இரண்டு பேர் இரண்டு ஞாயிறுகளில் முடிக்கும் வேலைதான்.

தெற்குச்சன்னல்

மூவருக்கும் நன்றி. எங்களுடையது ஏ காத்தாதான், இ-காத்தாவுக்கு விண்ணப்பித்துவிட்டோம். ஓர் ஐயம்: இந்தச் செலவுகளுக்கு ரசீது வைத்திருந்தால் விற்கும்போது வரியில் கழிவு கிடைக்குமா? மாடி வேலையையும் மழைநீர்க் குழாயையும் ஒன்றாகவே செய்யலாமா?

கெம்பாபுரத்தார்

வண்ணம் அடிப்பது, பழுது பார்ப்பது எல்லாம் பராமரிப்பு. மூலதன ஆதாயக் கணக்கில் (விற்ற லாபத்துக்கான வரிக் கணக்கில்) மேம்பாட்டுச் செலவாகப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். புதிதாகச் சேர்த்த நிலையான அமைப்புகளுக்கு வாய்ப்பு உண்டு என்பதால் ரசீதுகளைத் தனியாக வைத்து ஆடிட்டரிடம் காட்டுங்கள். 2024 ஜூலை 23-க்கு முன்பே உங்கள் கைக்கு வந்த சொத்து என்றால், பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 விழுக்காடு, சரிக்கட்டலோடு 20 விழுக்காடு என்ற இரண்டையும் போட்டுப் பார்த்து, எதில் வரி குறைகிறதோ அதன்படி கட்டலாம்.

சாந்துக்கரண்டி

ஒன்றாகச் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம். குழாய்வாயை முதலில் பொருத்தி, அதைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைத்துவிட்டு, அதன்பிறகே நீர்க்காப்புப் பூச்சை வாயின் உள்விளிம்புவரை இறக்கி அடியுங்கள். பூச்சை அடித்தபின் குழாய்க்காகத் துளையிட்டால் அந்த இடத்திலேயே மீண்டும் ஒழுகும். பூச்சு முழுதாகக் காய்ந்தபின் அதைக் கழுவிய முதல் நீரைச் சம்ப்பில் விடாமல் வெளியேற்றிவிடுங்கள்.